துப்பாக்கிக் குழலின் புறவடிவைத் தேர்ந்தெடுக்கும் முறை: எடையில் தொடங்கி விட்டத்தில் முடியுங்கள்

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரில் லேத் பட்டறை வைத்திருப்பவன் என்பதால், எங்கள் துப்பாக்கிச் சுடும் கிளப்பில் யாராவது புதுக் குழல் வாங்க நினைத்தால் விலைப்பட்டியலை என்னிடம் நீட்டிவிடுவார்கள். "அண்ணே, இதுல எது நல்லது?" என்று கேட்கும்போதே அவர்களுடைய விரல் பட்டியலின் கடைசி வரியில், அதாவது இருப்பதிலேயே பருமனான குழலில், நின்றுகொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து அதே ஆள், நின்று சுடும்போது கை நடுங்குகிறது என்று வேறு குழல் தேடி வருவார்.

குழலின் பருமன் கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். எடை வரம்பு, நீளம், கூம்பல் (நுனி நோக்கிக் குறுகும் விதம்), பிறகுதான் விட்டம் என்ற வரிசையில் போனால், பட்டியலில் உள்ள பத்துப் பன்னிரண்டு வடிவங்களில் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டா அறையிலிருந்து வாய் வரை, அதாவது குண்டு வெளியேறும் முனை வரை, குழலின் வெளிவிட்டம் எப்படிக் குறைந்துகொண்டு போகிறது என்பதையே புறவடிவு என்கிறேன்; பட்டியல்களில் இதைக் காண்டூர் என்று போட்டிருப்பார்கள்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உரிமம். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டுமல்ல, அதன் உறுப்புகளையும் ஆயுதமாகவே பார்க்கிறது. எனவே குழலை வரவழைப்பதும் மாட்டுவதும் உரிமம் பெற்ற ஆயுத வணிகர் வழியாகவும் காவல்துறை அனுமதியோடும்தான் நடக்க வேண்டும். என் பட்டறையில் லேத் இருக்கிறது, ஆனால் ஒரு குழலைக்கூட அதில் ஏற்றியதில்லை. "கொஞ்சம் சீவிக் கொடுங்கண்ணே" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

அடுத்து, 10 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், அளவுநாடா, இப்போது வைத்திருக்கும் துப்பாக்கியின் மொத்த எடை ஆகியவை வேண்டும். தொலைநோக்கியும் அதன் பிடிகளும் வாரும் சேர்ந்ததுதான் மொத்த எடை. இவற்றைக் கழற்றிவிட்டு எடை போடுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. முக்கால் கிலோ அங்கேயே காணாமல் போய்விடும்.

கடைசியாக, குழல் தயாரிப்பாளரின் அளவு வரைபடம். வடிவத்தின் பெயர் மட்டும் போதாது. ஏன் என்பதைப் பத்தாவது பகுதியில் சொல்கிறேன்.

2. எடை வரம்பை முதலில் எழுதுங்கள்

எந்தப் போட்டிக்கு, எந்த நிலையில் சுடப் போகிறீர்கள் என்பதுதான் வரம்பைத் தரும். எஃப்-கிளாஸ் என்ற, படுத்துச் சுடும் தொலைதூரப் போட்டியின் உலக விதிப்படி, இருகால் தாங்கியோடு சுடும் எஃப்.டி.ஆர். பிரிவில் மொத்த எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. திறந்த பிரிவில் 10 கிலோ. 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிக்கு 5.5 கிலோ. இந்த எண் காகிதத்தின் உச்சியில் இருக்கட்டும்.

விதி எதுவும் இல்லை என்றால் உங்கள் தோள்தான் விதி. படுத்துச் சுடுகிறவருக்கு 6 கிலோ சுகமாக இருக்கும். நின்று சுடுகிறவருக்கு அதே 6 கிலோ அரை மணி நேரத்தில் தண்டனையாகிவிடும். தூக்கிக்கொண்டு நடப்பவருக்கு 4 கிலோவே அதிகம்.

எழுதிய வரம்பிலிருந்து குழல் தவிர்த்த மற்ற எல்லாவற்றின் எடையையும் கழித்தால், குழலுக்கு மிஞ்சும் பங்கு தெரியும். குழலைக் கழற்ற வேண்டியதில்லை. இப்போதுள்ள குழலின் எடையை ஆறாவது பகுதியில் உள்ள கணக்கால் பெற்று, மொத்தத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வந்த எண்ணிலும் 200 கிராமைக் கையிருப்பாக ஒதுக்குங்கள், ஏனென்றால் தொலைநோக்கியை மாற்றாமல் இருந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

3. நீளத்தை அடுத்து முடிவு செய்யுங்கள்

ஒரு முனையில் பிடிக்கப்பட்டு மறுமுனை காற்றில் நிற்கும் கம்பியின் விறைப்பு, நீளத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. 660 மி.மீ. குழலை 560 மி.மீ. ஆக்கினால், விட்டத்தைத் தொடாமலே விறைப்பு சுமார் 1.6 மடங்காகும், எடையும் 15 விழுக்காடு குறையும். விறைப்பைக் கூட்டிக்கொண்டே எடையையும் குறைக்கும் எளிய வழி இது, ஆனால் புதியவர்கள் இதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை குண்டின் வேகம். .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவில் ஒவ்வோர் அங்குலக் குறைவுக்கும் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரை போகும் என்று வைத்துக்கொள்ளலாம். 300 மீட்டருக்குள் சுடுகிறவர் அந்த இழப்பை உணரவே மாட்டார். 900 மீட்டரில் சுடுகிறவருக்கு அது காற்று விலகலாகத் தெரியும், அவர் நீளத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

.22 எல்.ஆர். என்ற சிறு தோட்டாவில் பேச்சே வேறு. அதன் வெடிமருந்து ஏறக்குறைய 400 முதல் 480 மி.மீ. நீளத்துக்குள் தன் வேலையை முடித்துவிடுகிறது; அதற்கு மேல் நீளம் வேகம் தராது. நீண்ட குழல் வைப்பவர்கள் குறிபார்க்கும் தூரத்துக்காகவும் சமநிலைக்காகவும்தான் வைக்கிறார்கள்.

4. விட்டம் என்ன தருகிறது, என்ன கேட்கிறது

இந்தப் பகுதியை அவசரமின்றிப் படியுங்கள். மற்றவை இதன் மேல்தான் நிற்கின்றன.

குழலின் எடை, வெளிவிட்டத்தின் இருபடியிலிருந்து துளைவிட்டத்தின் இருபடியைக் கழித்ததற்கு ஏற்ப இருக்கும். விறைப்போ இரண்டின் நாற்படிகளின் வித்தியாசத்துக்கு ஏற்ப இருக்கும். நாற்படியில் துளை மிகச் சிறிய எண்ணாகிவிடுவதால், விறைப்பைப் பொறுத்தவரை குழல் ஏறக்குறைய ஒரு முழுக்கம்பிதான்.

610 மி.மீ. நீளமும் 7.7 மி.மீ. துளையும் உள்ள இரண்டு நேர் உருளைக் குழல்களை எடுத்துக்கொள்வோம். 17 மி.மீ. விட்டமுள்ளது சுமார் 860 கிராம் இருக்கும், 22 மி.மீ. விட்டமுள்ளது சுமார் 1,600 கிராம். எடை 1.85 மடங்கு ஆகும்போது விறைப்பு 2.9 மடங்கு ஆகிறது. லாபம்தான், ஆனால் அந்த 740 கிராமும் உங்கள் முன்கையில் தொங்கப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

எண்களை நம்பாதவர்களுக்குப் பட்டறையில் ஒன்று செய்து காட்டுவேன். 16 மி.மீ. முழு இரும்புக் கம்பியை வைஸில் இறுக்கி, 610 மி.மீ. வெளியே நீட்டி, நுனியின் கீழ் டயல் கேஜை வைத்து முள்ளைச் சுழிக்குக் கொண்டுவருவேன். நுனியில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டால் முள் ஒரு சுற்றைத் தாண்டி 1.15 மி.மீ. அருகில் நிற்கும். அதே கம்பியை வைஸுக்குள் 100 மி.மீ. தள்ளி இறுக்கிவிட்டு, பொட்டலத்தை மறுபடி தொங்கவிட்டால் 0.67 மி.மீ. தான். பிறகு 22 மி.மீ. கம்பியை 610 மி.மீ. நீட்டித் தொங்கவிட்டால் 0.32 மி.மீ. வைஸ் தளர்ந்திருந்தால் எல்லா எண்களும் சற்றுக் கூடும், ஆனால் எது அதிகம் வளைகிறது என்ற வரிசை மாறாது. முள் நகர்வதைக் கண்ணால் பார்த்தவர் அதற்குப் பிறகு நீளத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இங்கே வழக்கமாக நடக்கும் ஒரு தவறு, எஃகின் வகையை விறைப்போடு குழப்புவது. துருப்பிடிக்காத 416 ஆர் எஃகும் குரோம்-மாலி 4140 எஃகும் வலிமையிலும் தேய்மானத்திலும் வேறுபடலாம். வளைவுக்கு எதிரான குணத்தில் இரண்டும் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல்தான். எடையும் ஏறத்தாழ ஒன்றுதான். எனவே எஃகு மாறினால் விறைப்பு மாறாது, வடிவு மாறினால் மட்டுமே மாறும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் துருப்பிடிக்காத எஃகை விரும்புவது நியாயம், ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

விறைப்பு கூடினால் துல்லியம் தானாகக் கூடிவிடும் என்பதும் சரியல்ல. சுடும்போது வாய் ஆடும் அளவு குறையும், ஆட்டத்தின் சீர் மேம்படும். துளை சரியாக இல்லாத குழலைப் பருமன் காப்பாற்றாது. மெல்லிய குழலில் முதல் மூன்று குண்டுகளை ஒரே ஓட்டையில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. உலோகத்தை அடியில் வையுங்கள்

நுனியில் சுமை விழும்போது வளைவு விசை மிகுதியாக வருவது குழலின் அடியில், அதாவது ரிசீவரை (குழல் பொருத்தப்படும் துப்பாக்கியின் உடல்பகுதியை) ஒட்டிய பகுதியில். அங்கே பருமனாகவும் வாயருகே மெல்லியதாகவும் இருக்கும் கூம்பு வடிவே எடைக்கு ஏற்ற விறைப்பைத் தரும்.

மேலே சொன்ன 22 மி.மீ. நேர் உருளையோடு, அடியில் 27 மி.மீ., வாயில் 17 மி.மீ. உள்ள கூம்பை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை, கூம்பு 30 கிராம் மட்டுமே கூடுதல். நுனிச் சுமைக்கு அதன் விறைப்போ சுமார் 40 விழுக்காடு அதிகம். எடை ரிசீவர் பக்கம் வந்துவிடுவதால் கைக்கும் சுகம்.

அப்படியானால் முழு நீளமும் ஒரே விட்டமுள்ள உருளைக் குழல்களை ஏன் செய்கிறார்கள்? வாயருகே எடை இருந்தால் துப்பாக்கி மெதுவாக அசையும், குண்டு வெளியேறும்போது மேல்நோக்கிய துள்ளல் குறையும். மேசைமேல் வைத்துச் சுடுகிறவருக்கு அது வசதி. தூக்கிச் சுடுகிறவருக்கு அல்ல.

ஓர் எச்சரிக்கை. எடையைக் குறைக்கிறேன் என்று தோட்டா அறைப் பகுதியின் விட்டத்தில் கை வைக்கச் சொல்லாதீர்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ஐரோப்பியத் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4,150 பார்; அந்தச் சுவரின் தடிமன் விறைப்புக்காக இல்லை, உயிருக்காக இருக்கிறது.

6. எடையைத் துண்டு துண்டாகக் கணக்கிடுங்கள்

வரைபடத்தில் குழலை உருளைகளாகவும் கூம்புத் துண்டுகளாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். உருளையின் கன அளவு, விட்டத்தின் இருபடியை 0.7854 ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் வரும். கூம்புத் துண்டுக்கு, பெரிய விட்டத்தின் இருபடி, சிறிய விட்டத்தின் இருபடி, இரண்டின் பெருக்கல் ஆகிய மூன்றையும் கூட்டி, 0.2618 ஆலும் நீளத்தாலும் பெருக்க வேண்டும். எல்லாம் சென்டிமீட்டரில் இருக்கட்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: 30 மி.மீ. விட்டத்தில் 60 மி.மீ. நீள அடிப்பகுதி, 30இலிருந்து 25க்கு இறங்கும் 40 மி.மீ. சரிவு; 25இலிருந்து 19க்கு இறங்கும் 510 மி.மீ. கூம்பு. கன அளவுகள் முறையே 42.4, 23.8, 195.1, மொத்தம் 261.3 கன செ.மீ. 7.7 மி.மீ. துளைக்கு 28.4 கழித்தால் 232.9. எஃகின் அடர்த்தி 7.85 ஆல் பெருக்கினால் 1,828 கிராம். தோட்டா அறைக்காகக் குடையும் இடத்துக்கு இன்னும் 25 கிராம் வரை குறையும்.

துளையைக் கழிக்க மறப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. மேலே உள்ள குழலில் அது 220 கிராம் பொய் சொல்லும். அங்குலத்தில் உள்ள விட்டத்தை 25.4 ஆல் பெருக்காமல் 25 ஆல் பெருக்குவது அடுத்த பிழை.

7. வாங்குவதற்கு முன் அந்த எடையைத் தூக்கிப் பாருங்கள்

புதுக் குழல் பழையதைவிட எத்தனை கிராம் கூடுதல் என்று இப்போது தெரியும். பட்டர்வொர்த்தில் எந்தத் தூண்டில் கடையிலும் ஈயக்குண்டு கிடைக்கும். அத்தனை கிராம் ஈயத்தைப் பழைய காலுறையில் போட்டு, ரிசீவரிலிருந்து குழல் நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தள்ளி, குழலோடு சேர்த்து நாடாவால் சுற்றுங்கள். கூம்பு வடிவக் குழலின் எடைமையம் அந்த இடத்தை ஒட்டித்தான் வரும் என்பதால் இது நல்ல போலி.

இதைச் சுடுதளத்தில், அதிகாரியிடம் சொல்லிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, அறை காலி என்று அவருக்கும் காட்டிய பிறகே செய்யுங்கள். வீட்டு வாசலில் துப்பாக்கியைத் தோளில் வைத்து நின்றால், எதிர்வீட்டார் காவல்நிலையத்துக்குத் தொலைபேசுவதில் தவறில்லை.

உங்கள் வழக்கமான நிலையில் இருபது நிமிடம் பிடியுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் பிடிக்கும். கனத்த துப்பாக்கி அசைவின்றி நிற்பதுபோல் இருக்கும். பதினைந்தாவது நிமிடத்தில் முன்கை சொல்வதுதான் உண்மை. இந்தச் சோதனைக்குப் பிறகு பட்டியலில் ஒரு படி இறங்கியவர்களே அதிகம்.

சமநிலைப் புள்ளி எவ்வளவு முன்னே நகர்ந்தது என்பதையும் விரலில் வைத்துப் பாருங்கள். 4 கிலோ துப்பாக்கியில் 740 கிராம் ஏறினால் நான்கு சென்டிமீட்டர் வரை நகரலாம். கட்டையின் (துப்பாக்கியைத் தாங்கும் பிடிப்பகுதியின்) பின்பக்கம் ஈயம் போட்டு இதைச் சரிசெய்ய முடியும், ஆனால் அதுவும் எடைதான்.

8. வெப்பத்தைக் கணக்கில் சேர்ப்பது

ஒரே அளவு வெப்பத்தை வாங்கும்போது, எடை இருமடங்கான குழலின் வெப்பநிலை பாதிதான் ஏறும். ஆனால் ஏறிய வெப்பம் இறங்க அதற்கு அதிக நேரம் ஆகும், ஏனென்றால் எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. கனத்த குழல் குளிர்ச்சியாக இருக்கும் என்பது பாதி உண்மை. அது தாமதமாகச் சூடாகும், தாமதமாக ஆறும். பத்து நிமிடத்தில் இருபது குண்டு சுடுகிறவருக்கு இது உதவும். மூன்று குண்டு சுட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கு மெல்லிய குழலே போதும்.

பினாங்கின் மதிய வெயிலில் குழல் ஏற்கெனவே சூடாகத்தான் தொடங்குகிறது, அதன்மேல் எழும் கானல் தொலைநோக்கியில் இலக்கை அலைய வைக்கும். இதற்கு மாற்று, குழல்மேல் கட்டும் துணிப்பட்டை. பத்து வெள்ளி (ரிங்கிட்) வேலை. இதற்காகப் பருமனைக் கூட்ட வேண்டாம்.

சூடாக ஆக குண்டுகள் ஒரே திசையில் நடந்துபோனால், குழல் மெல்லியது என்பதால் அல்ல, எஃகுக்குள் தங்கிவிட்ட இறுக்கம் சமமாக இல்லை என்பதாலோ குழல் கட்டையை எங்கோ தொடுவதாலோ இருக்கும். இரண்டாவதை முதலில் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

9. நீள்பள்ளமும் கார்பன் உறையும்

குழலின் வெளிப்புறத்தில் நீள்பள்ளம் வெட்டினால் குழல் விறைப்பாகும் என்று சொல்கிறவரிடம், வெட்டி எடுத்த உலோகம் எங்கே போனது என்று கேளுங்கள். ஒரே வெளிவிட்டத்தில் பள்ளம் வெட்டிய குழல், வெட்டாததைவிட விறைப்பில் குறைவுதான். ஒரே எடையில் ஒப்பிட்டால் மட்டுமே, பெரிய விட்டத்தில் பள்ளம் வெட்டியது முந்தும். வாங்கிய பிறகு வெட்டச் சொல்வதையும் தவிருங்கள். பொத்தான் முறையில், அதாவது கடினமான ஒரு கருவியைத் துளைக்குள் செலுத்தி, உள்ளே வரிப்பள்ளம் இட்ட குழலில் வெளியே உலோகத்தை எடுத்தால், உள்ளே துளையின் அளவு மாறக்கூடும். வேண்டுமென்றால் தயாரிப்பாளரிடமே வெட்டி வாங்குங்கள்.

கார்பன் உறைக் குழலில் உள்ளே மெல்லிய எஃகும் வெளியே இழையும் இருக்கும். பருமனான தோற்றத்தில் குறைந்த எடை கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். எடை வரம்பு மிக இறுக்கமாக இருந்தால் யோசிக்கலாம். மற்றபடி ஒரு கூம்பு எஃகுக் குழலும் மிச்சப் பணத்துக்குத் தோட்டாவும் என் தேர்வு.

10. கட்டையோடும் வாயோடும் பொருத்திப் பாருங்கள்

ஒரே பெயரில் இரண்டு தயாரிப்பாளர்கள் வேறு வேறு அளவுகளில் குழல் செய்வார்கள். பருமனான குழல்களுக்கு வழங்கும் வார்மிண்ட் என்ற பெயருக்கு அளவு ஏதும் சட்டம் இல்லை. எனக்கு ஒரு முறை பெயரை மட்டும் எழுதி அனுப்பியதில் வந்த குழல், ரிசீவருக்கு முன்னால் 30 மி.மீ. விட்டத்தோடு நான் எண்ணியதைவிட இரு மடங்கு தூரம் நீண்டிருந்தது. கட்டையின் பள்ளத்தில் அது உட்காரவே இல்லை. விற்றவர் பெயர் சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

எனவே கட்டையின் பள்ளத்தை மூன்று இடங்களில், அதாவது ரிசீவரை ஒட்டி, நடுவில், நுனியில் அளந்து, வரைபடத்தின் விட்டங்களோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் குறைந்தது 1.5 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். குழலுக்கும் கட்டைக்கும் இடையில் ஒரு வெள்ளி நோட்டை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது கிளப் வழக்கம். அந்த நோட்டு மெல்லிய பிளாஸ்டிக், அது நுழைந்தால் குழல் இப்போது தொடவில்லை என்று மட்டுமே பொருள். இருகால் தாங்கியில் உடல் எடையைச் சாய்க்கும்போது கட்டை வளைந்து தொட்டுவிடும். நோட்டை நான்காக மடித்து நுழையுங்கள், அதுவும் சாய்ந்திருக்கும்போது.

வாயில் துணைக்கருவி மாட்ட அனுமதியும் எண்ணமும் இருந்தால், மரைக்குப் பின்னால் தோள் வேண்டும். 5/8 அங்குல மரைக்கு வாயின் விட்டம் 19 மி.மீ. ஆவது இருப்பது நல்லது. மெல்லிய வடிவத்தைத் தேர்ந்துவிட்டுப் பிறகு இதை நினைத்தால், திரும்ப முதலிலிருந்து வர வேண்டியிருக்கும்.

11. எழுதி அனுப்ப வேண்டியது, வந்ததும் பார்க்க வேண்டியது

வணிகரிடம் கொடுக்கும் தாளில் வடிவத்தின் பெயருக்குக் கீழே இவற்றையும் எழுதுங்கள்: முடிவான நீளம், அடிப்பகுதியின் விட்டமும் நீளமும், சரிவு முடியும் இடத்தின் விட்டம், வாயின் விட்டம், நீங்கள் கணக்கிட்ட எடை. வாயின் விட்டம் எந்த நீளத்தில் என்று சேர்த்து எழுதுங்கள். 740 மி.மீ. குழலுக்குக் குறிக்கப்பட்ட விட்டம், அதை 610 மி.மீ. ஆக வெட்டினால் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். கூம்பின் நுனிதானே வெட்டப்பட்டது. எடைக் கணக்கையும் அந்தப் புது விட்டத்தோடு ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

குழல் வணிகரிடம் வந்து சேர்ந்ததும், மாட்டுவதற்கு முன் அவர் கடையிலேயே தராசில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் எண்ணுக்கும் தராசுக்கும் 50 கிராமுக்குள் வித்தியாசம் இருந்தால் பொருத்தச் சொல்லலாம். அதற்கு மேல் இருந்தால் காலிப்பரை எடுத்து அந்த மூன்று விட்டங்களையும் அளந்து, எது வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதிக் கொடுங்கள்; மாட்டாத குழலைத்தான் திருப்பி அனுப்ப முடியும்.